வொட் கணக்கில் கிருமி சாகாது

மாத்தளை திருகோணமலை வீதியில் ஏதாவது ஒரு மின்சாரப் பொருட்கள் கடைக்குப் போய் "யூ.வி. லேம்ப் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை வொட்?" என்பதுதான். வாங்க வந்தவருக்கும் அதற்கு மேல் தெரியாது. கழற்றிய லேம்பில் எழுதியிருந்ததைச் சொல்வார். நானும் பல வருடங்கள் இப்படித்தான் விற்றேன். இது பிழையான வியாபாரம் என்பதை ஒரு வாடிக்கையாளரை இழந்த பிறகே விளங்கிக்கொண்டேன்.

வில்கமுவ பக்கத்தில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் ஒருவருக்கு 30 வொட் லேம்ப் இரண்டு கொடுத்தேன். வழமையான சரக்கின் அரைவாசி விலை. மொத்த வியாபாரியின் வார்த்தையை நம்பினேன். லேம்ப் நீல நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. இரண்டு மாதம் கழித்து நடந்த தண்ணீர்ப் பரிசோதனையில் ஈ.கோலை கிருமி அகப்பட்டது. எமது நாட்டின் குடிநீர்க் கட்டளையான எஸ்.எல்.எஸ். 614 இன்படி 100 மில்லிலீற்றர் தண்ணீரில் அந்தக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. அந்த லேம்புகளின் குழாய் குவாட்ஸ் அல்ல, சாதாரண கண்ணாடி என்பது பிறகுதான் தெரிய வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சிறுநீரக நோய்ப் பயத்தால் வில்கமுவ போன்ற இடங்களில் மக்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டு ஆர்.ஓ. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உப்பையும் கடினத்தன்மையையும் குறைப்பது ஆர்.ஓ. இயந்திரம். கடைசியில் நின்று கிருமியைக் கொல்வது யூ.வி. லேம்ப். அந்தக் காவல்காரன் தூங்கினால் குடிப்பவருக்குத் தெரியாது.

விடயம் இதுதான். பெட்டியில் எழுதியிருக்கும் வொட், லேம்ப் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கிருமியைக் கொல்வது 254 நனோமீற்றர் அளவிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத கதிர். நல்ல தயாரிப்பாக இருந்தாலும், எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அந்தக் கதிராக வெளிவரும். 15 வொட் லேம்ப் ஒன்றில் ஏறத்தாழ 5 வொட். சாதாரண கண்ணாடியோ அந்தக் கதிரை வெளியே விடாது. நாம் பார்க்கும் நீல வெளிச்சத்துக்கும் கிருமி சாவதற்கும் சம்பந்தமில்லை.

60 வொட் குண்டு பல்ப் போய் 11 வொட் சி.எப்.எல். வந்தபோது, வொட் வேறு வெளிச்சம் வேறு என்று நாம் படித்துக்கொண்டோம். யூ.வி. லேம்பில் அந்தப் பாடத்தை இன்னும் படிக்கவில்லை.

ஆனால் மற்ற நாடுகளின் கட்டளைகள் இதைப் படித்துவிட்டன. எமக்குச் சரக்கு அனுப்பும் சீனாவையே எடுத்துக்கொள்வோம். கிருமிநீக்கி லேம்புக்கான தேசியக் கட்டளையை 2003 இல் வெளியிட்டு 2012 இல் திருத்தினார்கள். யூ.வி. கிருமிநீக்கிக் கருவிகளுக்கான 2011ஆம் ஆண்டுக் கட்டளை 2020 இல் புதுப்பிக்கப்பட்டது. அங்கே சுகாதார அமைச்சு 2002 இலேயே ஓர் அளவு வைத்தது: 30 வொட் நேர்க்குழாய் லேம்ப் புதிதாக இருக்கும்போது, ஒரு மீற்றர் தூரத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 90 மைக்ரோவொட் கதிர் வர வேண்டும். பாவனையில் 70 இற்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டும். ஆகவே இரண்டு லேம்பிலும் 30 வொட் என்றே எழுதியிருக்கலாம். ஒன்று தேறும், மற்றது தேறாது.

அமெரிக்காவின் 55ஆம் இலக்கக் குடிநீர்க் கட்டளை வொட்டைக் கொண்டு தரம் பிரிப்பதில்லை. தண்ணீருக்குக் கிடைக்கும் கதிர் அளவையே பார்க்கிறது. 'ஏ' வகுப்புக் கருவியில் அது சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லிஜூல். அதே லேம்பில் தண்ணீரை இரு மடங்கு வேகமாக ஓடவிட்டால் அந்த அளவு பாதியாகும்.

கட்டளை இறுகிய நாட்டில் விற்க முடியாத சரக்கு, கேள்வி கேட்காத சந்தையைத் தேடிப் போகும். இது வியாபாரத்தின் இயல்பு. அந்தச் சந்தை நாமாக இருக்க வேண்டுமா?

எனவே, சகோதர வியாபாரிகளே, சரக்கு எடுக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். 254 நனோமீற்றரில் வெளிவரும் கதிர் எத்தனை வொட்? குழாய் என்ன கண்ணாடி? எத்தனை மணி நேரம் கழித்து எவ்வளவு கதிர் மிஞ்சும்? எந்தச் சோக்கில் எரிய வேண்டும்? இதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்காதீர்கள். பில்லில் விற்ற திகதியை எழுதிக் கொடுங்கள். நல்ல லேம்பின் ஆயுள் சுமார் 9,000 மணித்தியாலம். இரவு பகலாக எரிந்தால் வருடத்துக்கு 8,760. அதாவது, எரிந்துகொண்டிருந்தாலும் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். இன்னொன்று, கவுண்டரில் லேம்பை எரித்துக் காட்டும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அந்தக் கதிர் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

"விலை கூடினால் யார் வாங்குவார்?" என்று கேட்பீர்கள். நல்ல லேம்ப் 3,000 ரூபா கூட என்றே வையுங்கள். வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்கு எட்டு ரூபா சொச்சம். தண்ணீர் விற்பவருக்கு இது ஒரு பாரமல்ல. யாரும் சொல்லிக் கொடுக்காததால்தான் மலிவை வாங்குகிறார்.

இலங்கைத் தரக்கட்டளைகள் நிறுவனமும் இதைக் கவனிக்க வேண்டும். யூ.வி. லேம்ப் பெட்டியில் கதிர் அளவும் மாற்ற வேண்டிய காலமும் அச்சிடப்படுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நாம் கைகட்டி நிற்கத் தேவையில்லை. பொருளைப் பற்றிப் பொய்யான எண்ணத்தை ஏற்படுத்தி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏற்கனவே தடுக்கிறது.

தராசில் நூறு கிராம் குறைத்தால் அதை மோசடி என்கிறோம். கதிர் இல்லாத லேம்பை 30 வொட் என்று சொல்லி விற்பதும் நிறுவைக் குறைவுதான். தெரியாமல் செய்தோம் என்று இனிமேல் சொல்ல முடியாது.