கொடை வேறு, உரிமை வேறு

பணியாளர்கள் தாம் வேலை செய்யும் நிறுவனத்தைப் பற்றி என்ன கருதுகின்றனர் என்பதை இருவகையாற் கேட்டறியலாம். என்ன உண்கின்றீர், எவ்வளவு சம்பளம் பெறுகின்றீர் என்று கேட்பது ஒரு வகை. எதனைச் சொல்ல அஞ்சுகின்றீர் என்று கேட்பது மற்றொரு வகை. அமெரிக்கக் கலிபோர்னியாவின் மௌண்டன் வியூ நகரில் தலைமையகம் கொண்டுள்ள கூகுள் நிறுவனத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் நெடுங்காலம் முதல்வகைக் கேள்வியையே கேட்டுவந்தன. ஆகலின் முதல்வகை விடையே உலகெங்கும் பரவிற்று. கணிப்பொறி படிக்கும் நம் பிள்ளைகள் நெஞ்சிலும் அதுவே படிந்து கிடக்கின்றது.

அவ்விடை பொய்யன்று. 1998-இல் இலாரி பேசும் செர்கே பிரினும் தொடங்கிய அந்நிறுவனம் தன் பணியாளர்க்கு விலையின்றி உணவளித்தது; உயர்ந்த சம்பளத்தோடு நிறுவனப் பங்குகளையும் தந்தது; வேலை நேரத்தில் ஐந்திலொரு பங்கைத் தாம் விரும்பிய ஆய்வில் செலவிடலாம் என்றது. கிழமைதோறும் அனைவரையும் கூட்டி, நிறுவியவர்களையே நேருக்குநேர் வினவும் வாய்ப்பையும் கொடுத்தது. ஆண்டுதோறும் பணியாளர்தம் கருத்துகளைக் கேட்டுக் கணக்கெடுத்தது. தீயராய் இராதீர் என்பதைத் தன் ஒழுக்கமொழியாகவே எழுதி வைத்தது. வேலை செய்தற்குச் சிறந்த நிறுவனங்கள் எனப் 'பார்ச்சூன்' இதழ் வெளியிடும் பட்டியலில் 2007-இலும் 2008-இலும், பின்னர் 2012 முதல் 2017 வரை இடையறாதும், கூகுளே முதலிடம் பெற்றது. இவையனைத்தும் உண்மையே. ஆயின் இவற்றுள் எவையெவை கொடை, எவையெவை உரிமை என்று எவரும் பிரித்துப் பார்த்தாரில்லை. கொடுத்தவன் விரும்பும்போது திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது கொடை. அவன் விரும்பினும் எடுக்கவியலாதது உரிமை. அந்தப் பிரிப்புக் கணக்கு 2018-ஆம் ஆண்டில் தொடங்கியது.

அமெரிக்கப் படைத்துறைத் தலைமையகமான பெண்டகனுக்கு, ஆளில்லா வானூர்திகள் எடுத்தனுப்பும் படங்களைச் செயற்கையறிவின் துணையால் ஆராய்ந்து கொடுக்கும் 'மேவன்' என்னும் திட்டத்தில் தம் நிறுவனம் ஈடுபட்டுள்ளதை அறிந்த பணியாளர்கள் கொதித்தெழுந்தனர். போர்த்தொழிலில் நமக்கென்ன வேலை என்று கேட்டுத் தலைமைச் செயல் அலுவலர் சுந்தர் பிச்சைக்கு அவர்கள் எழுதிய மடலில் ஏறத்தாழ 4,000 பேர் கையெழுத்திட்டனர். பன்னிருவர் அளவினர் பணியையே துறந்து வெளியேறினர். சம்பளம் போதவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. எம் மூளையில் பிறந்த கருவி எவன் தலைமேல் விழப்போகின்றது என்று கேட்டனர். கொல்லன் தான் அடிக்கும் இரும்பு கலப்பையாகின்றதா, வாளாகின்றதா என்பதைக் கண்ணாற் காண்பான். கணிப்பொறி முன் அமர்ந்து ஒரு துண்டுக் கணக்கை மட்டும் எழுதுபவனுக்கு அக்காட்சி இல்லை. அவன் கேட்டுத்தான் அறியவேண்டும். கேட்கும் உரிமை அவனுக்கு இல்லையெனின், அவனுக்கு அறமும் இல்லையென்றே பொருள்.

நிறுவனம் இறங்கி வந்தது. அவ்வுடன்படிக்கையைப் புதுப்பிப்பதில்லை என்று 2018 சூனில் அறிவித்தது. செயற்கையறிவைப் படைக்கலங்களுக்கும், உலகநெறி மீறிய கண்காணிப்புக்கும் பயன்படுத்துவதில்லை என்று கொள்கை உரையும் வெளியிட்டது. பணியாளர்கள் வென்றோம் என்று மகிழ்ந்தனர். கொள்கை உரை என்பது ஒருவர் தாமே எழுதித் தாமே அழிக்கக் கூடிய ஏடு என்பதை அன்று பலர் நினைந்திலர். 2025 பிப்பிரவரியில் அவ்விலக்குகளை நிறுவனம் தன் உரையினின்று நீக்கிவிட்டது.

அதே 2018-இல் மற்றொரு கிளர்ச்சி நிகழ்ந்தது. 'ஆண்டிராய்டு' படைத்த ஆண்டி உரூபின் என்பார்மீது பாலியல் குற்றச்சாட்டு எழுந்து, நிறுவனமே அது நம்பத்தக்கதெனக் கண்ட பின்னும், அவர் 2014-இல் வெளியேறுங்கால் 9 கோடி டாலர் கொடுத்து வழியனுப்பினர் என்று 'நியூயார்க் டைம்சு' இதழ் வெளியிட்டது. குற்றச்சாட்டை உரூபின் மறுத்தார். ஆயின் பணியாளர்கள் அமைதியுறவில்லை. நவம்பர் முதல் நாள், ஒவ்வொரு நகரிலும் அந்நகர் நேரப்படி முற்பகல் 11.10 மணிக்கு, தோக்கியோவினின்று நியூயார்க்கு வரை, ஏறத்தாழ 20,000 பேர் அலுவலகங்களை விட்டுத் தெருவுக்கு வந்தனர். அவர்களின் வேண்டுகைகளுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். பணியாளர் தம் வழக்கைப் பொது வழக்குமன்றத்திற்குக் கொண்டுசெல்லாது மறைவான நடுவர் முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும் என்னுங் கட்டாயத்தை நீக்குக என்பது ஒன்று. இயக்குநர் குழுவில் பணியாளர்க்கு ஒரு பேராளர் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது, 2019 மார்ச்சு முதல் பணியாளர் அனைவர்க்கும் கிடைத்தது. பின்னது கிடைக்கவில்லை. எவ்வாறு கிடைக்கும்? ஒரு பங்குக்குப் பத்து வாக்கு என்னும் தனிவகைப் பங்குகளால், நிறுவிய இருவரிடமே பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் உள. பங்கு வாங்கிய பொதுமக்களுக்கே குரலில்லாத அவையில், உழைப்பவனுக்கு எவர் நாற்காலி போடுவார்?

அதன்பின் கொடைகள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கத் தொடங்கின. கிளர்ச்சியை முன்னின்று நடத்தியோருள் இருவர், தாம் பழிவாங்கப்பட்டதாய்க் கூறி 2019-இல் வெளியேறினர். நிறுவனம் அதனை மறுத்தது. அவ்வாண்டு நவம்பரில், கிழமைக் கூட்டம் திங்கட் கூட்டமாயிற்று. அதிலும் தொழில் பற்றியன்றிப் பிற பேசுதல் குறைந்தது. அதே திங்களில் கிளர்ச்சிகளில் முனைந்து நின்ற நால்வர் வேலைநீக்கப்பட்டனர். உட்செய்திகளை விதிமீறி ஆராய்ந்தனர் என்பது நிறுவனம் சொன்ன கரணியம். ஒற்றாடலும் வேலைநீக்கமும் சட்டத்திற்கு மாறானவை என்று நடுவண் தொழிலுறவு வாரியம் 2020 திசம்பரில் நிறுவனத்தின்மேற் குற்றம் பதிந்தது.

2023 சனவரி 20 அன்று 12,000 பேர், அஃதாவது உலகெங்குமுள்ள பணியாளருள் நூற்றுக்கு ஆறு பேர், வேலையிழந்தனர். பலர் அதனை அறிந்த வகைதான் நெஞ்சை உறுத்துவது. விடியலில் எழுந்து மின்னஞ்சலைத் திறந்தனர், திறக்கவில்லை. பல்லாண்டு உழைத்தவருக்கும் மேலாளர் ஒருவர் நேரிற் சொல்லும் ஒரு சொல் கிட்டவில்லை. முழுப்பொறுப்பும் எனதே என்று சுந்தர் பிச்சை எழுதினார். 2022-இல் தாய்நிறுவனமான ஆல்பாபெட்டின் தூய வருவாய் ஏறத்தாழ 6,000 கோடி டாலர். அவ்வாண்டிற்கு அவருக்குக் கணக்கிட்ட ஊதியம் பங்குகள் உட்பட ஏறத்தாழ 22 கோடியே 60 இலக்கம் டாலர். வேலைநீக்கம் நடந்த மூன்று திங்களில், 7,000 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள நிறுவனம் ஒப்புதல் தந்தது. பொறுப்பு என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் பொறுத்தல் வேர். சுமத்தல் என்று பொருள். இங்குச் சுமந்தவர் எவர் என்பதை எண்களே சொல்கின்றன.

மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த தமிழர் ஒருவர் அவ்வரியணையில் அமர்ந்துள்ளாரே, அதனை நாம் குறைகூறலாமா என்று நம் அன்பர் சிலர் வருந்துவர். அவர்தம் அறிவையும் உழைப்பையும் நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயின் நாற்காலியின் இயல்பு, அமர்ந்தவரின் ஊரைப் பொறுத்து மாறுவதில்லை.

தமிழரோடு இச்செய்திக்கு உள்ள தொடர்பு அந்நாற்காலியோடு முடியவில்லை. அதனினும் கீழே, எவரும் ஏறிட்டுப் பாராத இடத்தில், மிக நெருங்கி நிற்கின்றது. கூகுள் அலுவலகத்துள் நுழைவோர் கழுத்தில் இருவகை அடையாள அட்டைகள் தொங்கும். நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்க்கு வெள்ளட்டை. பிற நிறுவனங்கள் வாயிலாய் அமர்த்தப்பட்டோர்க்குச் செவ்வட்டை. 2019 மார்ச்சில் வெள்ளட்டையர் 1,02,000 பேர். செவ்வட்டையரோ 1,21,000 பேர். உலகம் போற்றிய அந்நிறுவனத்தின் பெரும்பான்மையர், அதன் பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவும் உரிமையற்றோர்! சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய நம் வாசகர்க்கு இதில் ஒன்று தோன்றும். வெள்ளட்டையர் 'கூகுளர்', புதிதாய் வந்தோர் 'நூகுளர்', விலகிச் சென்றோர்க்குங்கூடச் 'சூகுளர்' என ஒரு செல்லப்பெயர் உண்டு. செவ்வட்டையர்க்கோ மூன்று ஆங்கில எழுத்துகளாலாகிய ஒரு குறியீடு மட்டுமே. பெயரிடாமையும் ஒருவகை விலக்கே.

அவ்விலக்கு பெயரளவில் நிற்கவில்லை. 2018 ஏப்பிரலில் யூடியூப் வளாகத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தபோது, உயிர்காப்புக்கான உடனடிச் செய்திகள் வெள்ளட்டையர்க்கு மட்டுமே வந்தன. அருகிலேயே அமர்ந்திருந்த எமக்கு வரவில்லை என்று, அவ்வாண்டுத் திசம்பரில் சுந்தர் பிச்சைக்கு எழுதிய திறந்த மடலில் செவ்வட்டையர் முறையிட்டனர். துப்பாக்கிக் குண்டு அட்டையின் நிறம் பார்த்தா பாயும்? இத்தகைய முறையீடுகளுக்குப் பின், இவர்களை அமர்த்தும் நிறுவனங்கள் அமெரிக்காவில் மணிக்கு 15 டாலருக்குக் குறையாது கூலி தரவேண்டும், மருத்துவக் காப்பீடும் தரவேண்டும் என்று 2019-இல் கூகுள் விதித்தது. 2024-இல் அவ்விதியைத் தானே விலக்கிக்கொண்டது. இதுவும் கொடைதான் என்பது அப்போது தெரிந்தது.

இவர்களை அமர்த்துவோர் எவர்? திருச்செந்தூர்ப் பக்கத்திற் பிறந்த சிவ நாடார் தம் கூட்டாளிகளோடு 1976-இல் தொடங்கிய எச்.சி.எல். ஒன்று. 1994-இல் சென்னையில் தோன்றி, இன்றும் நம் பிள்ளைகள் பல்லாயிரவரை வேலையில் வைத்திருக்கும் காக்னிசன்ட் மற்றொன்று. பிட்சுபர்க்கு நகரக் கூகுள் அலுவலகத்தில் எச்.சி.எல். வாயிலாய் உழைத்தோர், 2019 செப்தம்பரில் 49-க்கு 24 என்னும் வாக்கில் எஃகுத் தொழிலாளர் ஒன்றியத்திற் சேர முடிவெடுத்தனர். கணிப்பொறியாளர்கள் உலைக்களத் தொழிலாளரோடு கைகோத்தது நாம் பெரிதும் மகிழ்ந்த செய்தி. அதன்பின் அவர்தம் வேலைகள் போலந்து நாட்டிற்கு மாற்றப்படுகின்றன என்னுங் குற்றச்சாட்டெல்லாம் எழுந்தது. எனினும் அவர்கள் கலையவில்லை. 2021-இல் எழுத்தில் அமைந்த உடன்படிக்கை ஒன்றைப் பெற்றனர். ஆசுடின் நகரில் யூடியூபின் இசைப்பிரிவுக்கெனக் காக்னிசன்ட் அமர்த்தியிருந்தோர் 2023-இல் ஒரு வாக்கும் பிரியாது 41 பேரும் கழகம் சேர வாக்களித்தனர். அவர்கள் அந்நகரவையில் எழுந்து தம் நிலையைச் சொல்லிக்கொண்டிருந்த பொழுதிலேயே, 2024 பிப்பிரவரி இறுதியில், 43 பேர்க்கும் வேலை முடிந்தது என்னுஞ் செய்தி வந்தது. உடன்படிக்கைக் காலம் முடிந்தது என்பதே காக்னிசன்ட் தந்த விளக்கம்.

வெள்ளட்டையர் நிலையும் அவ்வாண்டில் வேறன்று. இசுரேல் அரசோடு கூகுளும் அமேசானும் செய்துகொண்ட 120 கோடி டாலர் உடன்படிக்கையை எதிர்த்து, ஏப்பிரலில் நியூயார்க்கு, சன்னிவேல் அலுவலகங்களில் உள்ளிருப்புச் செய்தோரும் துணைநின்றோருமாக ஏறத்தாழ 50 பேர் நீக்கப்பட்டனர். 2018-இல் கேள்வி கேட்டோர்க்கு விடை வந்தது; 2024-இல் காவலர் வந்தனர். அலுவலகம் அரசியல் பேசும் இடமன்று என்று தலைமை எழுதிற்று. படைத்துறைக்கும் அரசுகளுக்கும் கருவி விற்பது மட்டும் அரசியலன்று போலும்!

பிடிக்காதவன் வெளியேறட்டும், கொழுத்த சம்பளம் வாங்குபவனுக்குக் குறையென்ன என்று வினவுவார் உளர். குடியிருப்புக் கட்டணத்தையும் கடனையும் விட்டுவிடுவோம். அயல்நாட்டினின்று சென்றவனுக்கு, அமெரிக்காவின் எச்-1பி இசைவில் இருப்பின், வேலை போன நாளினின்று பெரும்பாலும் 60 நாளே தங்கற் காலம். அதற்குள் வேறு நிறுவனம் அவனை எடுத்துக்கொள்ளல் வேண்டும்; இன்றேல் பள்ளியிற் படிக்கும் பிள்ளையோடு நாடு திரும்பல் வேண்டும். அவன் எந்த மடலிற் கையெழுத்திடுவான்? நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வாய்திறவாதிருப்பதன் கரணியம் மனநிறைவு என்று எண்ணிவிடல் ஆகாது. சம்பளம் உழைப்புக்கு விலை, நாவுக்கு விலையன்று.

2021 சனவரியில் இருநூற்றுக்குச் சற்று மேற்பட்டோரைக் கொண்டு ஆல்பாபெட்டுத் தொழிலாளர் ஒன்றியம் தோன்றிற்று. ஊதியத்தில் நூற்றுக்கு ஒன்று உறுப்பினர் கட்டணம். வெள்ளட்டையரும் செவ்வட்டையரும் ஒருங்கே அதிற் சேரலாம். இலக்கத்திற்கு மேற்பட்டோர் உழைக்கும் இடத்தில் இருநூறு என்பது மிகச் சிறிது. நிறுவனத்தோடு கூலிப்பேச்சு நடத்தும் சட்டவுரிமை இன்றியே அது தொடங்கப்பெற்றது. எனினும் சமையற்கூடத்தாரும் கணிப்பொறி வல்லாரும் ஒரே பட்டியலிற் பெயரெழுதும் ஏடு அந்நிறுவனத்தில் அதுவொன்றே. பின்னர் ஆசுடினில் 41 பேரும் வாக்களித்துச் சேர்ந்தது இவ்வொன்றியத்திலேதான்.