இலவசப் பிரயாணமும் கணக்குப் பரிசோதனையும்

பொதுஜனங்களின் வரிப்பணத்தால் நடைபெறும் காரியம் எதுவாயினும், அது கணக்குக் காட்டக் கடமைப்பட்டதாகும். ஏழைகளின் பொருட்டு நடப்பது என்ற காரணத்தால் அக்கடமை நீங்குவதில்லை. அதனாலேயே அது பன்மடங்கு மிகுகின்றது. ஏனெனில், இடையில் கைமாறிப் போகும் ஒவ்வொரு காசும் ஓர் ஏழைக்குச் சேரவேண்டியதன்றோ?

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார், சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாமென்று உத்தரவிட்டனர். பின்னர் இச்சலுகை திருநங்கையருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், அவர்தம் துணைவருக்கும் விரிந்தது. இதன் நன்மையை ஐயுறுவாருக்கு ஓர் எளிய கணக்குக் கூறுவோம். நாள்தோறும் போக வர 20 ரூபாய் செலவிட்டு வேலைக்குச் சென்ற பெண்ணுக்கு, மாதம் 25 நாளில் 500 ரூபாய் மிஞ்சுகின்றது. பூ விற்பவளுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் அது சிறு தொகையன்று.

கட்டணம் வாங்காத கண்டக்டர் டிக்கெட்டு மாத்திரம் கொடுக்கின்றார். அந்த டிக்கெட்டே கணக்கிற்கு ஆதாரமாகின்றது. போக்குவரத்துக் கழகங்களுக்கு நேரும் கட்டண நஷ்டத்தைச் சர்க்கார் ஈடு செய்வது ஏற்பாடு. டெல்லியில் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தகைய சலுகை தொடங்கியபோது, இளஞ்சிவப்பு டிக்கெட்டு ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் சர்க்கார் கொடுத்தனர். எண்ணிக்கையைக் கொண்டே பணம் தரப்படுமிடத்தில், ஏறாத பிரயாணிக்கும் டிக்கெட்டுக் கிழிக்கும் ஆசை எழக்கூடும். ஆகவே டிக்கெட்டுகளைச் சோதித்தல் இன்றியமையாதது. இதனை யாரும் மறுக்கார்.

ஆனால் டிக்கெட்டுச் சோதனையோடு பரிசோதனை முடிந்துவிடுமாயின், பெரும் பிழை நேரும். கைகாட்டியும் நில்லாது சென்ற பஸ்ஸைப் பார்த்து நின்ற கிழவிக்கு டிக்கெட்டு ஏது? காலையில் ஓடவேண்டிய இரண்டு நடைகளில் ஒன்று நிறுத்தப்பட்டமையால் வேலைக்குப் பிந்திக் கூலி இழந்தவள் எந்த ஏட்டில் இடம்பெறுவாள்? அன்றியும், சலுகை சாதாரணக் கட்டணப் பஸ்களுக்கே உரியதாகலின், ஒரு வழித்தடத்தில் அவற்றைக் குறைத்துக் கட்டணம் மிகுந்த வண்டிகளை விட்டால், உத்தரவு காகிதத்தில் அப்படியே இருக்கும். சலுகையோ சாலையில் மறைந்துபோகும். டிக்கெட்டுகளைக் கூட்டிப் பார்ப்பவருக்கோ, செலவு குறைந்தது என்ற நல்ல செய்தியே கிட்டும்!

இத்தகைய குறைகளையும் கணக்கிற் கொள்ளும் முறை உலகிற்குப் புதிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகளுக்கென ஒரு சட்டம் நிறைவேறிற்று. வழக்கமான பஸ்களில் ஏற இயலாதாருக்கு வேறு வண்டி அனுப்புமாறு அது பணித்தது. அதன் விதிகள், பிரயாணம் மறுக்கப்படுதல், வண்டி மிகப் பிந்தி வருதல், பிரயாணம் அளவுக்கு மிஞ்சி நீளுதல் ஆகியவை மிகுதியாகவும் வழக்கமாகவும் நிகழலாகாதென்று விதந்து கூறுகின்றன. நம் நாட்டிலும், 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைகளின் கணக்கை ஊரார் முன்னிலையில் சோதிக்கும் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது. பயன் பெறவேண்டியவர்களையே சாட்சிகளாக அழைத்த அந்நெறி பஸ் நிறுத்தத்திற்கும் பொருந்தும்.

கணக்குக் கேட்பவரெல்லாம் சலுகையை ஒழிக்க வந்தவர் என்று சிலர் அஞ்சுகின்றனர். இலவசம் யாவும் வீண் என்று வேறு சிலர் முன்கூட்டியே தீர்ப்பளிக்கின்றனர். இருசாராரும் உண்மையை அறியுமுன்னரே முடிவு கட்டுகின்றவர்கள். நேர்மையான பரிசோதனை முன்னவரின் அச்சத்தைப் போக்கும். பின்னவரின் தீர்ப்பையும் சோதித்துப் பார்க்கும்.

ஆதலின், பரிசோதகர்கள் அலுவலகத்தில் ஏடுகளைப் புரட்டுவதோடு அமையாது, நிறுத்தங்களுக்கும் வருதல் வேண்டும். ஓடவேண்டிய நடைகள் எத்தனை, ஓடியவை எத்தனை, நில்லாது சென்றவை எத்தனை என்பனவற்றை வழித்தட வாரியாக வெளியிடுதல் வேண்டும். நம் மாணவ நண்பர்களும் இதில் ஒரு பங்கு ஏற்கலாம். ஒரு வாரம், காலையில் ஒரு மணி நேரம், ஒரு குறிப்புப் புத்தகத்துடன் பஸ் நிறுத்தத்தில் நின்று எண்ணுவது எளிய தொண்டே. ஏறியவர்களைக் கண்டக்டர் எண்ணிக்கொள்வார்; ஏற இயலாது நின்றவர்களை நாம் எண்ணுவோம்.