கையில் சரக்கில்லாத இணையக் கடைக்கு எந்த விளம்பரம்?

கேள்வி: உடுமலைப்பேட்டைப் பகுதி வாசகி ஒருவரின் மகன், மாடித்தோட்டப் பைகளும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளும் விற்க இணையத்தில் கடை திறந்திருக்கிறார். சரக்கு வாங்கி வைப்பதில்லை. ஆர்டர் வந்ததும் பொள்ளாச்சியில் உள்ள மொத்த வியாபாரியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். விளம்பரம் செய்ய, அம்மாவின் நகையை அடகு வைத்து 50,000 ரூபாய் தரும்படி மகன் கேட்கிறார். கூகுள், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவற்றில் எதில் விளம்பரம் செய்தால் போட்ட பணம் திரும்பும் என்று வாசகி கேட்டிருக்கிறார்.

பதில்: நகையை அடகு வைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. எந்தத் தளம் ஏற்றது என்பதை 5,000 ரூபாய்க்குள் சோதித்து அறியலாம். அதற்கு முன், ஓர் ஆர்டருக்கு எவ்வளவு விளம்பரச் செலவு கட்டுப்படியாகும் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இவ்வகை வியாபாரத்துக்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். சரக்கில் முதல் முடங்காது என்பது இதன் வசதி. மிஞ்சும் லாபம் குறைவு என்பது இதன் சிரமம்.

ஓர் உதாரணம்: பைகளும் கட்டியும் சேர்ந்த தொகுப்பின் விற்பனை விலை 600 ரூபாய். மொத்த வியாபாரிக்கு 340, கூரியருக்கு 90, பேக்கிங்குக்கு 20 ரூபாய் போக மிச்சம் 150. பொருள் வந்த பின் பணம் கொடுக்கும் முறையில், 10 பார்சலில் 2 திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். எட்டு பார்சலில் கிடைப்பது 1,200 ரூபாய். திரும்பிய சரக்கை வியாபாரி ஏற்றுக்கொண்டாலும், போக வரக் கூரியரும் பேக்கிங்குமாக இரண்டு பார்சலுக்கு 400 ரூபாய் நஷ்டம். மீதி 800. அதாவது ஓர் ஆர்டருக்கு 80 ரூபாய்தான்.

விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு கிளிக்குக்கு 4 ரூபாய் ஆகி, 20 கிளிக்குக்கு ஓர் ஆர்டர் வந்தால், வரியுடன் 94 ரூபாய் 40 காசு செலவு. விற்க விற்க நஷ்டம்தான். அதுவே 15 கிளிக்குக்கு ஓர் ஆர்டர் என்றால் 70 ரூபாய் 80 காசு, கொஞ்சம் மிஞ்சும். மகன் தம் கடையின் உண்மையான விலைகளைப் போட்டு இதே கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும்.

இனி தளங்களைப் பார்ப்போம்.

கூகுள் தேடல்: "மாடித்தோட்டப் பை விலை" என்று தேடுபவர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர். அவர் கண்ணில் படுவது இந்த விளம்பரம். பெயர் சொல்லித் தேடப்படும் பொருளுக்கு இது பொருந்தும்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம்: இரண்டும் மெட்டா நிறுவனத்துடையவை, ஒரே கணக்கில் இரண்டிலும் விளம்பரம் செய்யலாம். இங்கே யாரும் பொருளைத் தேடி வருவதில்லை. பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்குவார்கள். சென்னை, கோவை என்று ஊரைக் குறித்துக் காட்டலாம். விளம்பரத்தைத் தொட்டால் நேரே வாட்ஸ்அப்பில் பேசும் வசதியும் உண்டு.

யூடியூப்: நார்க்கழிவுக் கட்டியை ஊற வைப்பது, பை நிரப்புவது போன்ற செயல்விளக்கத்துக்கு நல்லது. தொடக்கத்தில் காசு கொடுக்காமல், சொந்தமாக வீடியோ எடுத்துப் போட்டாலே போதும்.

புதிய ரகம் ஒன்று வந்தால், முதல் பட்டத்திலேயே முழு நிலத்திலும் யாரும் விதைப்பதில்லை. ஐந்து சென்டில் போட்டுப் பார்ப்போம். விளம்பரத்துக்கும் அதுவே முறை. கூகுள் தேடலில் ஒன்று, மெட்டாவில் ஒன்று. தலா தினம் 300 ரூபாய் வீதம் 7 நாள். மொத்தம் 4,200, வரியுடன் 4,956 ரூபாய். இரண்டிலும் பொருள், விலை, ஊர் ஆகியவை ஒன்றாகவே இருக்க வேண்டும். சில நாள் தினத் தொகைக்கு மேலும் பிடிப்பார்கள் என்பதால் முடிவுத் தேதியையும் போட்டுவிட்டு, செலவை அன்றன்று பார்த்துவர வேண்டும்.

லைக்கையும் பார்வையையும் எண்ண வேண்டாம். போய்ச் சேர்ந்து பணம் வந்த பார்சல், திரும்பிய பார்சல், விளம்பரச் செலவு ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதினால் போதும். லாபம் காட்டும் தளத்தில், வந்த லாபத்தைக் கொண்டே சிறிது சிறிதாகக் கூட்டலாம். இரண்டுமே நஷ்டம் காட்டினால் நிறுத்திவிட்டு விலை, கூரியர், பொருள் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். அந்த நஷ்டத்தைப் பெரிய தொகை போட்டுச் சரிக்கட்ட முடியாது.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று. முதலாவது, சரக்கை அனுப்புவது வியாபாரி என்றாலும், பை கிழிந்திருந்தால் வாடிக்கையாளர் கேட்பது கடைக்காரரைத்தான். எனவே தாமே ஒரு பார்சல் ஆர்டர் செய்து, தரத்தையும் வந்து சேரும் நாளையும் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது, மாடித்தோட்டம் என்றதும் விதை, பூச்சிமருந்து, உரம் ஆகியவற்றையும் கடையில் சேர்க்கத் தோன்றும். விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983, பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 ஆகியவை இணைய விற்பனைக்கும் பொருந்தும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்காமல் அவற்றைச் சேர்க்கக் கூடாது. மூன்றாவது, விளம்பரம் செய்து தருவதாகச் சொல்லி வருபவரிடம் வங்கி அட்டையையோ ஓ.டி.பி. எண்ணையோ கொடுக்கக் கூடாது. விளம்பரக் கணக்கு மகன் பெயரிலேயே இருக்க வேண்டும்.

ஏழு நாள் கழித்து, அம்மாவும் மகனும் அந்த நோட்டைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். அதுவரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.