விருதுக்கு முன் மூன்று கதவுகள்: தலித் திருநர் மாணவர்களும் கல்வி உதவித்தொகையும்

அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பாயிண்ட் அறக்கட்டளை, பால்புதுமையின மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கிவருகிறது. மதிப்பெண்ணோடு மாணவரின் சமூகப் பணியும் தலைமைப் பண்பும் அங்கே தகுதியாகக் கொள்ளப்படுகின்றன. போராடும் மாணவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் தலைவராகப் பார்க்கும் அந்த அணுகுமுறை தமிழ்நாட்டுக்கும் வருமானால் நாம் வரவேற்போம். ஆனால் அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ கல்லூரிக்குப் புறப்படும் ஒரு தலித் திருநங்கை, அந்த விருது மேடையை எட்டுவதற்கு முன் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. இடம், பணம், பாதுகாப்பு என்பவையே அவை.

சென்னையிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் இரயில் பாதை அரக்கோணத்தை அடைகிறது. அங்குள்ள பொறியியல் கல்லூரியில்தான் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த தலித் திருநங்கை கிரேஸ் பானு பயின்றார். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை அவர். 2021இல் தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கான விருதை முதன்முறையாக வழங்கியபோது, அதைப் பெற்றவரும் அவரே. அந்த விருதுக்குரிய தொகை 1 இலட்சம் ரூபாய். அவருடைய நீண்டநாள் கோரிக்கையோ விருதன்று, கிடைமட்ட இடஒதுக்கீடு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்கென ஒரு பங்கை ஒதுக்குவதே அதன் பொருள்.

இந்தக் கோரிக்கையின் நியாயத்தைச் சட்டத்தின் வழியே காண்போம். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திருநருக்குக் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இடஒதுக்கீடு வழங்குமாறு பணித்தது. அதன்பின் 2015இல் தமிழ்நாடு அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலின அடையாளத்தைச் சாதியாகக் கருதியதே இங்கு நேர்ந்த பிழை. ஒரு தலித் திருநங்கை பட்டியல் சாதிப் பிரிவில் நின்றால், திருநர் என்பதற்காக அவருக்கு எதுவும் இல்லை. மற்றப் பட்டியலுக்குச் சென்றால், தலித் என்பதற்கான உரிமை போய்விடுகிறது. அவர்மீதான ஒடுக்குமுறை இரண்டு. அரசு ஏற்றுக்கொள்வதோ ஒன்றை மட்டும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வகைப்பாட்டை ஏற்க மறுத்து, 1 விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீடு வழங்க உத்தரவிட்டது. கர்நாடகம் அரசுப் பணிகளில் 2021இலேயே இதைச் செய்துவிட்டது.

இரண்டாவது கதவு பணம். ஒன்றிய அரசின் ஸ்மைல் திட்டம், 9ஆம் வகுப்பு முதல் முதுநிலை வரை பயிலும் திருநர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய் வழங்குகிறது. உயர்கல்வி பயிலும் திருநரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் எனத் தமிழ்நாட்டின் 2024-25 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 2023இல் தன் இணைப்புக் கலை, அறிவியல் கல்லூரிகளில் தலா ஓர் இலவச இடத்தை அறிவித்தது. இவை நல்ல அறிவிப்புகளே. எனினும் மேற்குப் புறநகரில் நிறைந்துள்ள பொறியியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருவதில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பெற்றோர் கையொப்பம் இல்லாமல் எந்த விண்ணப்பமும் எளிதில் நகர்வதில்லை. வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைக்கு அந்தத் தாள்கள் அனைத்தும் பூட்டிய வீட்டுக்குள்தான் இருக்கின்றன. அடையாளச் சான்றிதழுக்கு ஆவடி, பூந்தமல்லி மாணவர் திருவள்ளூர் ஆட்சியரையும், 2018இல் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்ட அம்பத்தூரின் மாணவர் சென்னை ஆட்சியரையும் நாட வேண்டும். வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறார்.

மூன்றாவது கதவு பாதுகாப்பு. வளாகத் தலைமைக்கு விருது தரும் ஒரு நாட்டில்தான் நாம் வாழ்கிறோமா என்பதை ரோகித் வெமுலாவை நினைத்துக்கொண்டு கேட்போம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இயங்கிய அந்த ஆய்வாளர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2016 ஜனவரி 17 அன்று அவர் உயிர் துறந்தபோது, ஏழு மாத உதவித்தொகையான 1.75 இலட்சம் ரூபாய் நிலுவையில் இருந்தது. உதவித்தொகையைக் கொடுக்கும் கையே அதை நிறுத்தும் கையாகவும் இருக்கும்வரை, எந்த மாணவர் துணிந்து பேசுவார்?

பொதுப் பாலினக் கழிவறை, விண்ணப்பத்தில் திருநருக்கான பகுதி, கல்விச் சான்றுகளில் பெயர் மாற்றம், பால்புதுமையினரைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர் ஆகியவற்றைக் கல்வி நிறுவனங்கள் ஏற்படுத்த வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் கூறியது. கல்வி நிலையங்களில் பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று.

கிடைமட்ட ஒதுக்கீடு உயர்கல்விச் சேர்க்கை முழுவதிலும் நடைமுறைக்கு வர வேண்டும். குடும்பத்தைப் பிரிந்த மாணவருக்குப் பெற்றோரின் ஆவணங்களின்றியே உதவித்தொகை கிடைக்க வேண்டும். சங்கம் அமைத்ததற்காகவோ போராடியதற்காகவோ எந்த உதவித்தொகையையும் நிறுத்த முடியாதவாறு விதி எழுதப்பட வேண்டும். இவை நிறைவேறினால் விருதுக்குரிய தலைவர்கள் நம் புறநகர்க் கல்லூரிகளிலிருந்தே எழுவார்கள். இவை நிறைவேறாதவரை, மேடையில் அணிவிக்கப்படும் பொன்னாடை வாசலில் நிறுத்தப்பட்ட மாணவருக்கு எதையும் தருவதில்லை.