மாறன் காரி தொடங்கிய கோயில்



மதுரைக்கு வரும் அன்பர்களில் பலர் மீனாட்சியம்மனைத் தரிசித்து, அழகர்கோயிலுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் போய்வந்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இந்த மாசியில் வருகிறவர்கள் தயவுசெய்து அரை நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் போனால் ஒத்தக்கடை. அங்கே, துதிக்கையை நீட்டிப் படுத்த யானையாக நீண்டு கிடக்கிறது யானைமலை. அதன் அடிவாரத்து நரசிங்கம் கிராமத்தில், மலையைக் குடைந்த கருவறையில் யோக நரசிங்கப் பெருமாள் வீற்றிருக்கிறார்.

மதுரைக்காரர்களுக்கு இந்த மலையின் கதை பாட்டி சொல்லித் தெரிந்திருக்கும். பாண்டியனை அழிக்க வேள்வித் தீயிலிருந்து ஏவப்பட்ட யானையைச் சோமசுந்தரக் கடவுள் நரசிங்கக் கணை எய்து வீழ்த்தினார். அந்த யானையே மலையாயிற்று என்கிறது திருவிளையாடல் புராணத்தின் ‘யானை எய்த படலம்’. சிவன் எய்த அம்பு நரசிங்கமாக நிலைபெற்றது என்று கதை சொல்லும் ஊரில், சைவமும் வைணவமும் எவ்வளவு நெருங்கிப் பழகியிருக்க வேண்டும்!

புராணத்துக்குப் பக்கத்திலேயே வரலாறும் கல்லில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி, இன்றைய நெல்லைச் சீமையின் கரவந்தபுரத்தைச் சேர்ந்தவர். கி.பி. 770இல் இந்தக் குடைவரையை உருவாக்கியவர் அவர்தான். கிரந்த எழுத்தில் வடமொழியிலும், வட்டெழுத்தில் தமிழிலும் அந்தச் செய்தியை இன்றும் அங்கே காணலாம்.

குடைவரை என்பது எத்தனை கடினமான வேலை என்று சற்று எண்ணிப் பாருங்கள். கட்டடக் கோயிலில் ஒரு கல் பழுதானால் வேறு கல் வைக்கலாம். இங்கே அது நடக்காது. முகப்பிலிருந்து உள்நோக்கிக் குடைந்துகொண்டே போகும் சிற்பி, தூண் நிற்க வேண்டிய இடத்தையும் தெய்வம் அமர வேண்டிய இடத்தையும் முன்கூட்டியே மனத்தில் கண்டு, அந்தப் பாறையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். உளி ஓரிடத்தில் தவறினால் அது தவறியதுதான்.

இத்தனை பாடுபட்டுக் குடைந்த கோயிலின் குடமுழுக்கை மாறன் காரி காணவில்லை. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவர் இருந்த அமைச்சர் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன், அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முகமண்டபம் எடுத்தார், நீர்தெளித்துக் கோயிலைத் திறந்துவைத்தார். அந்தத் தம்பி நினைத்திருந்தால் தன் பெயரை மட்டும் பொறித்திருக்கலாம். கல்வெட்டோ அண்ணன் செய்தது இது, தம்பி செய்தது இது என்று பிரித்துச் சொல்கிறது. யானைமலையில் எனக்கு மிகவும் பிடித்த சிற்பம் எது என்று கேட்டால், அந்தக் கல்வெட்டைத்தான் காட்டுவேன்.

பெருமாளைச் சேவித்துவிட்டு அருகிலுள்ள லாடன் கோயிலுக்கும் நடந்து போய்வாருங்கள். அதுவும் பாண்டியர் குடைவரைதான். முருகனும் தெய்வானையும் ஒரே ஆசனத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் காட்சி அங்கே காணக் கிடைக்கும். இந்தக் கோயிலையும் பின்னாளில் ஒருவர் புதுப்பித்ததை வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று குறித்துவைத்திருக்கிறது. மலையில் ஏறினால் சமணத் துறவியர் தங்கிய குகையும், தமிழி எழுத்துக் கல்வெட்டும், மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை திருவுருவங்களும் உண்டு. மாசிப் பௌர்ணமியையொட்டித் திருமோகூர் காளமேகப் பெருமாள் இங்கே எழுந்தருள, கஜேந்திர மோட்ச விழா நடக்கும். யானையின் பெயர் கொண்ட மலையடியில் யானைக்கு அருளிய திருவிழா!

இந்த மலைக்கு நம் காலத்திலும் ஒரு சோதனை வந்தது. 2010இல் இதைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் பேசப்பட்டபோது, சுற்றியுள்ள கிராமத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்த எழுச்சியின் தொடர்ச்சியாகத்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த ‘பசுமை நடை’ பிறந்தது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு மக்களை அது அழைத்துச் செல்கிறது. மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் பல கிரானைட் குவாரிகளுக்கு இரையானதைக் கண்டவர்கள் இப்பகுதி மக்கள். மேலூர் அருகே அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் ஊர் ஊராக எழுந்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. அரிட்டாபட்டியிலும் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மலையைக் காக்க வெயிலில் நின்ற அந்த மக்களையும் நான் மாறன் எயினனின் வரிசையில்தான் வைக்கிறேன். குடைவரைக் கோயிலில் மலை வேறு, சந்நிதி வேறு அல்ல. பாறை போனால் பெருமாளும் போய்விடுவார்.

ஆகவே குடும்பத்தோடு போய்வாருங்கள். காலையில், வெயில் ஏறுமுன் போவது நல்லது. பிள்ளைகளிடம் கல்வெட்டைக் காட்டி, அந்த அண்ணன் தம்பி கதையைச் சொல்லுங்கள். பாறையில் பெயர் எழுதவும், சிற்பத்தில் எண்ணெயோ சுண்ணாம்போ பூசவும் யாரையும் விடாதீர்கள். உங்கள் ஊர்க் குன்றில் இப்படி ஒரு குடைவரை கேட்பாரற்றுக் கிடந்தால் எங்களுக்கு எழுதுங்கள், படமும் அனுப்புங்கள். வரும் இதழ்களில் பக்கம் ஒதுக்கி வெளியிடுகிறோம். மாறன் காரி தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்