கல்லும் கணக்கும்



உங்கள் வீட்டுப் பெண் இந்த வருஷம் காலேஜில் பூகர்ப்ப சாஸ்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறாளா? "மலை, ஆறு, பாறை என்று கதை மாதிரி படித்துக்கொண்டு போகலாம், கணக்குத் தொல்லை கிடையாது" என்ற நம்பிக்கையில் அந்தப் பாடத்தில் சேருகிறவர்கள் உண்டு. வகுப்புத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிகிறது. பாறையின் அடர்த்தி, ஆற்றின் சரிவு, பூகம்பத்தின் அளவு, எல்லாமே கணக்கு! "அம்மா, இது எனக்கு வராது. வேறு பாடத்துக்கு மாறிவிடுகிறேன்" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

அவசரப்பட்டுச் சம்மதித்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு வகுக்கத் தெரியாமல் இல்லை. எதை எதனால் வகுப்பது, ஏன் வகுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் எக்ஸ், ஒய் என்று படித்த அதே சரிவுதான், இங்கே "கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் இறக்கம்" என்று வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் சிலர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். "தேவையான கணக்கு, தேவையான வேளையில்" என்ற பொருள்படும் பெயரில் சிறு சிறு பயிற்சிகளை வகுத்தார்கள். கணக்கு முழுவதையும் முதலிலிருந்து திணிப்பதில்லை. நாளை வகுப்பில் அடர்த்தி வருகிறதா? இன்று அதற்கு வேண்டிய கணக்கை மட்டும் மாணவர் செய்து பார்க்கிறார். மறுநாளே அதைப் பாறையின் மீது பிரயோகிக்கிறார்.

இதை நம் வீட்டிலும் செய்யலாம். சமையலறைத் தராசும் ஒரு கருங்கல் ஜல்லியும் போதும். முதலில் கல்லை நிறுக்கச் சொல்லுங்கள். 540 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டின் நடுவே பாத்திரத்தை வைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, கல்லை நூலில் கட்டி மெதுவாக உள்ளே இறக்கட்டும். தட்டில் வழிந்த தண்ணீரை நிறுத்தால் 200 கிராம். 540-ஐ 200-ஆல் வகுத்தால் 2.7. அதாவது, அதே அளவு தண்ணீரைவிட இந்தக் கல் 2.7 மடங்கு கனம். அடர்த்தி என்பது இவ்வளவுதான்!

இத்துடன் விட்டுவிடாதீர்கள். இனிமேல்தான் சுவாரஸ்யம். பூமி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதன் சராசரி அடர்த்தி சுமார் 5.5. ஹென்றி காவண்டிஷ் என்ற ஆங்கிலேயர் 1798-லேயே ஏறக்குறைய இந்த விடையைக் கண்டுவிட்டார். நம் கையில் இருக்கும் கல்லோ 2.7. அப்படியானால் பூமியின் உள்ளே என்ன இருக்க வேண்டும்? பெண்ணையே யோசிக்க விடுங்கள். வகுப்பின் சராசரி மார்க் 55 என்றால், 27 வாங்கியவர்கள் இருக்கும் வகுப்பில் 55-க்கு மேல் வாங்கியவர்களும் இருந்தே தீர வேண்டும் அல்லவா? அப்படித்தான், பூமியின் நடுவில் கல்லைவிட மிகக் கனமான பொருள் இருக்கிறது. இரும்பும் நிக்கலும் சேர்ந்த கருவம் அது. ஒருவரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வகுத்தல், ஒரு சராசரி, இவற்றை வைத்து அடுப்பங்கரையில் நின்றபடியே அதை ஊகித்துவிட்டாள் உங்கள் பெண்!

இன்னொரு கணக்கு. நம் இந்திய நிலப்பகுதி வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். "இதனாலா இமயமலை எழும்பியது?" என்று கேட்கத் தோன்றும். 5 கோடி வருஷத்தால் பெருக்கிப் பார்க்கட்டும். 25 கோடி சென்டிமீட்டர். அதாவது 2,500 கிலோமீட்டர்! மலை ஏன் எழாது?

சொல்லித்தரும்போது இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். முதலாவது, விடையோடு அளவின் பெயரையும் கேளுங்கள். கடைக்காரரிடம் "அரிசி ஐந்து" என்று மட்டும் சொன்னால் கிலோவா, மூட்டையா என்று அவர் திருப்பிக் கேட்பார். வெறும் எண்ணை விடையாக எழுதினால் ஆசிரியரும் அப்படித்தான் கேட்பார். இரண்டாவது, பென்சிலை எடுக்குமுன் "விடை ஏறக்குறைய எவ்வளவு வரும்?" என்று ஊகிக்கச் சொல்லுங்கள். கண் திட்டத்தில் உப்புப் போடும் நமக்கு இந்தப் பழக்கத்தின் அருமை தெரியும். கல்லின் அடர்த்தி 27 என்று விடை வந்தால், எங்கோ புள்ளி தவறிவிட்டது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

பாடத்தை மாற்றுவதற்கான மனுவை இந்த வாரம் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் தராசை அவளிடம் கொடுத்துப் பாருங்கள்.