ராத்திரி சொன்னது கோப்பில் ஏற வேண்டுமா?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவரைப் பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கிருமி ஒட்டிவிடும் என்று பழமும் வேண்டாம், பூவும் வேண்டாம். எலும்பு மஜ்ஜை மாற்று என்றால் இந்தத் தனிமை வாரக்கணக்கில் நீளும். இப்படிக் கிடப்பவர்களுக்குப் பேச்சுத் துணையாக, திரையில் ஒரு முகத்தைக் காட்டி, கேட்டதற்குப் பதில் சொல்லும் கணினி உருவங்களை வைக்கலாம் என்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்கவில்லை.

புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, டாக்ரோலிமஸ் மாத்திரையை வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை விழுங்க வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் மட்டும், இரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. டாக்டர் ஒரு தடவை சொல்வார், நர்ஸ் இரண்டு தடவை சொல்வார். மறுபடி கேட்க நமக்கே கூச்சம். "அதான் சொன்னேனே ஐயா" என்பார்களோ என்று பயந்து தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்! அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில், வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்து விவரம் சொல்ல 'லூயிஸ்' என்ற கணினி நர்ஸை வைத்துப் பார்த்தார்கள். பலருக்கும் பிடித்துப்போனது. அந்த நர்ஸுக்கு அவசரமே கிடையாது அல்லவா.

ஆனால் இரவு 2 மணிக்கு விழித்துக் கிடப்பவர் மாத்திரையைப் பற்றி மட்டுமா பேசுவார்? நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் தருபவர்களில் பெண்களே அதிகம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மனைவி கொடுத்தார். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார் முகத்துல சார் முழிப்பேன்?" என்றார் என்னிடம், நாலு மாதம் கழித்து. வீட்டில் சொல்ல முடியாது, டாக்டரிடமும் சொல்ல முடியாது. திரையில் இருக்கிற முகத்திடம் முதல் ராத்திரியே சொல்லியிருப்பார்.

சொன்னது எங்கே போகும்? 1966-இல் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற பேசும் நிரலை வெளியிட்டார். அதோடு தட்டச்சில் பேசத் தொடங்கிய அவருடைய செயலாளரே, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரை அறையை விட்டு அனுப்பினாராம். எல்லோர் பேச்சையும் பதிந்து படிக்கலாமா என்று அவர் யோசித்தபோது, வேவு பார்ப்பதா என்று சண்டைக்கு வந்தார்கள்.

பிரெஞ்சில் 'லா கிரெஃப்' என்றால் உறுப்பு மாற்று. 'லெ கிரெஃப்' என்றால் நீதிமன்றப் பதிவகம். பள்ளியில் இதைக் குழப்பி அடி வாங்காதவர்கள் குறைவு. இரண்டும் இப்போது ஒரே கட்டிலில் சேரப் பார்க்கின்றன. அலுவலகத்தில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், கோப்பில் ஏறிய குறிப்பு இறங்காது. 'மனச்சோர்வு உண்டு' என்ற ஒரு வரியைக் காப்பீட்டுக்காரரும் படிப்பார், மகனும் படிப்பான்.

காய்ச்சல், வாந்தி, விட்டுப்போன மாத்திரை, இவை உடனே நர்ஸுக்குப் போகட்டும். உயிரை விடலாம் போலிருக்கிறது என்று சொன்னாலும் ஒரு மனிதரைக் கூப்பிடட்டும். மற்றதெல்லாம் விடிந்ததும் அழிய வேண்டும். எது போகும், எது போகாது என்பதை அந்த முகமே முதல் நாள் நல்ல தமிழில் சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் நீட்டுகிற கத்தைத் தாளில் இதையும் ஒன்றாகச் சொருகிக் கையெழுத்து வாங்கினால், அதை யார் படிக்கப்போகிறார்கள்?